வாயை மூடினால் மூடினதுதான்

என் மாமனார் யோகநாதனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய மகள், என் மச்சாள் தாட்சாயினி நினைவு மலர் ஒன்று அடித்துக் கொடுத்தாள். வழுவழுப்பான தாள். முன்பக்கத்தில் அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, பின்னால் ஒரு கோயில் கோபுரத்தை ஒட்டியிருந்தது. உள்ளே வாழ்க்கைக் குறிப்பு. "பழகுவதற்கு இனியவர், எவரையும் கடிந்து பேசாதவர், வீடு தேடி வருவோரை முகம் மலர்ந்து உபசரிப்பவர்" என்று எழுதியிருந்தது. குசினிக்குள் அடுப்படியில் நின்று அதை வாசித்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரைப் பற்றிப் பொய் எழுதினால் அது செத்தவருக்குச் செய்கிற மரியாதையா? அது வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கை. ஆகவே நானும் ஒரு குறிப்பு எழுதுகிறேன். இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

யோகநாதன் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் வன்னியில் முரசுமோட்டையில் வயல் காணி கிடைக்க, குடும்பம் இங்கே வந்தது. காடு வெட்டியது, யானை கலைத்தது, வாய்க்கால் கிண்டியது எல்லாவற்றையும் தானே செய்ததுபோலத்தான் சொல்லுவார். வயதைப் பார்த்தால் அப்போது அவர் தவழ்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் நல்ல கமக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன். நெற்கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தே என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். வயல் வரம்பில் ஒரு சாண் விட்டுக்கொடுக்க மாட்டார். அயலில் அவரோடு சண்டை பிடிக்காத ஆள் இல்லை. சண்டை முடிந்து ஓடிப்போய்த் தோள் தட்டுகிற பழக்கமும் இல்லை. பகை என்றால் பகைதான்.

யுத்தத்தின் கடைசியில் எல்லாரையும்போல இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனார். அங்கே மாமி சிவனேஸ்வரியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வயல் முழுக்கப் பற்றைக் காடு. மகன் தயாபரனையும் இழுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த காலபோக மழைக்கே விதைத்துவிட்டார். மலரில் இதை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத் தெரியாத சனம்.

இனி நான். என் பெயர் கஜேந்தினி, ஊர் அக்கராயன். என் அப்பா கணபதி, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீட்டை எரியக் கொடுத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். வந்து கூலி வேலை செய்து, காணித் துண்டொன்று பிடித்து, மிளகாய் வைத்து என்னை வளர்த்தவர். தயாபரன் எங்கள் பக்கம் உழவு இயந்திரம் ஓட்ட வந்தபோது பழக்கமாகிக் கட்டிக்கொண்டோம். மாமனார் தாலி கட்டுக்கு வரவில்லை. "வயலில தண்ணி நிக்குது" என்றாராம். அது வெட்டி முடிந்த வயல். அவருடைய வளவின் மூலையில் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தோம்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தோட்டக்காட்டாள். மலைநாட்டுத் தோட்டத்துச் சனத்தை இங்கே இளக்காரமாகச் சொல்லுகிற சொல், அதுதான் என் பெயர். "தோட்டக்காட்டாள், கோழியைக் கலை." "தோட்டக்காட்டாள், உன்ரை புருசன் எங்கை?" என் கையால் சோறு வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். தானே கிணற்றில் அள்ளிக் குடிப்பார், தானே சமைப்பார், தானே தேத்தண்ணி போடுவார். அந்தத் தேயிலையைக் கிள்ளினது என் ஆச்சியின் சனம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இதை ஒருநாள் தயாபரனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்பாவின்ரை குணம் தெரியும்தானே, காதில விழாத மாதிரி இரு" என்றார். அவருக்கு அது வசதி. கொஞ்ச நாளில் அவருக்கு உண்மையாகவே காதில் விழாமல் போய்விட்டது.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவர் வருகிற நாட்களில் மாமனார் வயலுக்குப் போய்விடுவார். "சம்பந்தி எப்பவும் வேலையாவே இருக்காரு, ஒழைப்பாளி" என்று அப்பா மெச்சுவார். யாழ்ப்பாணத்துச் சனம் தன் மகளை எடுத்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. "மாமா நல்லா பாத்துக்கிறாருப்பா" என்பேன். இப்படியே எத்தனையோ வருடம் ஓடியது.

மாமனாரின் அண்ணன் ஏரம்புவுக்கு மறதி நோய். முற்றிப்போய், பிள்ளைகளையும் தெரியாமல், கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பார்க்க மாமனார் ஒருநாள் சைக்கிளில் போனார். திரும்பி வந்தவர் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் குசினி வாசலில் வந்து நின்றார். அதற்கு முதல் அந்த வாசலுக்கு அவர் வந்ததே கிடையாது.

"தோட்டக்காட்டாள், அடுப்பைக் குறைச்சுப்போட்டு நான் சொல்லுறதைக் கேள்."

நான் குறைக்கவில்லை. "சொல்லுங்கோ. கேக்கும்."

"அண்ணையின்ரை மூக்குக்குள்ளாலை குழாய் விட்டிருக்கு. பிடுங்கிப்போடுவாரெண்டு கையைக் கட்டிலோடை கட்டியிருக்கு, கள்ளனைக் கட்டின மாதிரி. அந்த மனுசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்குது. எங்கடை அப்பருக்கும் இந்த வருத்தம். எனக்கும் வரும். வந்தால் எனக்குக் குழாய் விடக்கூடாது. கையைக் கட்டக்கூடாது. வாயைத் திறந்தால் தாங்கோ. வாயை மூடினால் மூடினதுதான். என்ரை வீட்டிலை கிடந்து போறன்."

"அதை ஏன் என்னட்டைச் சொல்லுறியள்? பெத்த பிள்ளையளட்டைச் சொல்லுங்கோ."

"சொல்ல வெளிக்கிட்டனான். வாயெடுக்க முன்னம், சாவுக் கதை கதையாதேங்கோ எண்டு அவள் அழுகிறாள். அவன் எழும்பிப் போறான். அதுகளுக்குப் பாசம். பாசத்திலை கட்டிப்போட்டு வைச்சிருக்குங்கள். தோட்டக்காட்டாள், உனக்கு என்னிலை பாசமில்லை. எனக்கும் உன்னிலை இல்லை. அதாலைதான் உன்னட்டைச் சொல்லுறன்."

கையில் இருந்த அகப்பையால் எறியவேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த மனிதர் என்னோடு ஒரு மனுசியோடு பேசுவதுபோலப் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் எனக்கு விளங்கியது. "ஓம்" என்றேன்.

"ஓமெண்டால் ஓம்தானே?"

"உங்களை மாதிரி இல்லை, நான் சொன்னால் செய்வன்."

"ம்" என்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் தண்ணீர் கிணற்றில்தான் அள்ளிக் குடித்தார்.

நோய் அவர் சொன்னபடியே வந்தது. வாய்க்கால் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை மாறித் திறப்பது இங்கே பெரிய குற்றம். மற்றவன் திறந்ததற்காக மண்வெட்டி தூக்கியவர், ஒருநாள் தானே போய் அடுத்த வயல் செல்வராசாவின் முறையில் மடையைத் திறந்துவிட்டு நின்றார். செல்வராசா அடிக்க வந்தான். மாமனார் அவனைப் பார்த்து, "தம்பி, நீர் எந்த ஊர்?" என்று கேட்டாராம். முப்பது வருடப் பகையாளியை! செல்வராசா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்னான். அவன் முகத்தில் சந்தோசம் இல்லை.

பிறகு வீட்டு வழி மறந்தார். உடுப்போடு மூத்திரம் போனார். காலையில் தயாபரன் கழுவிவிடுவார். அவர் வேலைக்குப் போனபிறகு எல்லாம் என் தலையில். மாமனார் உடுத்து நனைத்த சாரத்தை நான் மாற்றுவேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைத்ததில்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றைக் குழைத்துக்கொண்டு போனேன். என்னை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, நீ ஆற்றை மகள்?"

"கணபதியின்ரை மகள்."

"ஆ, நல்லது" என்று வாயைத் திறந்தார். என் கையால் வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் கேட்டும் சாப்பிட்டார்.

கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு ஒரு சொல் மன்னிப்புச் சொல்ல வேண்டிய மனிதர், சொல்லாமலே எழும்பிப் போய்விட்டார். அவருடைய உடம்பு மட்டும் அங்கே கதிரையில் உட்கார்ந்து என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது. அந்தப் பிள்ளை எனக்குத் தேவையில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் தா என்றவர் அவர்தானே. கொடுத்தேன். நாள் தவறாமல் கொடுத்தேன்.

தாட்சாயினி யாழ்ப்பாணத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருவாள். திராட்சைப்பழம், ஒரு டின் பால்மா, கொஞ்சம் அழுகை. தகப்பனைத் தடவித் தடவி, "மெலிஞ்சு போட்டார். நீ நேரத்துக்குக் குடுக்கிறேல்லையோ?" என்பாள். ஒருநாளாவது அவருடைய மலத்துணியைத் தொட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்.

போன வருடம் சிறுபோக நெல் வெட்டுகிற காலத்தில் அவர் வாயை மூடினார். முதலில் சோற்றுக்கு, பிறகு கஞ்சிக்கு. கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார். நான் வற்புறுத்தவில்லை. தாட்சாயினி வந்து பார்த்தாள். கத்தினாள். அன்றைக்கே காரில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் அடுத்த நாள் நோயாளர் பார்வை நேரத்தில் போனேன். மூக்கில் குழாய். இரண்டு மணிக்கட்டிலும் பஞ்சு சுற்றி, துணிப்பட்டியால் கட்டில் கம்பியோடு கட்டு. அதை வேண்டாம் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போன அதே மனிதர், அதே மாதிரி. தாட்சாயினி கேட்டுத்தான் போட்டார்கள். தயாபரன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இதுக்கு ஓமெண்டது?" என்று கேட்டேன்.

"அக்கா சொன்னவ. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

இரண்டாம் நாள் எப்படியோ ஒரு கையை உருவி, குழாயைப் பிடுங்கிவிட்டார். மூக்கால் இரத்தம். அன்று பார்வை நேரத்தில் டொக்டர் எங்களைக் கட்டிலடிக்கு அழைத்தார். சின்ன வயதுப் பெண், பொறுமையாகத்தான் கதைத்தார். அந்த நேரம் பார்த்து என் அப்பாவும் வந்து சேர்ந்தார். சம்பந்திக்குச் சுகமில்லை என்று யாரோ சொல்ல, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு, பஸ் மாறி வந்திருந்தார். எல்லாருக்கும் கும்பிட்டு, கால்மாட்டில் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

டொக்டர் சொன்னார்: "குழாயைத் திரும்பப் போடலாம். போட்டால் இழுப்பார், அப்ப கையைக் கட்டத்தான் வரும். இல்லையெண்டால் வீட்டை கொண்டுபோய், அவர் விரும்பினால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வாயால குடுத்து, வாயை ஈரமா வைச்சுப் பாக்கலாம். இந்த நிலைமையில குழாய் போட்டால் கனகாலம் இருப்பார் எண்டு நான் சொல்லமாட்டன். ஐயா சுகமா இருந்த காலத்தில இதைப்பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லை டொக்டர், ஒண்டும் சொல்லேல்லை. போடுங்கோ" என்றாள் தாட்சாயினி.

"சொன்னவர்" என்றேன் நான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் முன்னால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? நான் கதையைக் கழுவித் துடைத்துச் சொன்னேன். "குழாய் ஒண்டும் வேண்டாம் பிள்ளை, என்னை வீட்டிலையே வைச்சுப் பாருங்கோ எண்டு மாமா என்னட்டைச் சொன்னவர்."

தாட்சாயினி சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். "பிள்ளையோ? அப்பா உன்னைப் பிள்ளையெண்டு கூப்பிட்டவரோ? உன்ரை கையாலை ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடியாத மனுசன், தன்ரை சாவை உன்னட்டைச் சொன்னவரோ? பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கிறாய். உனக்குப் பழி தீர்க்கோணும்."

அவளில் பிழை இல்லை. நான் சொன்னது பொய்யின் மணம் வீசியது. அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. தயாபரன் என்னைப் பார்த்து, "உண்மையா சொன்னவரோ?" என்று கேட்டார். என்னோடு அத்தனை வருடம் வாழ்ந்த மனிதரின் குரலிலும் நம்பிக்கை இல்லை. கட்டிலில் கிடந்தவரின் மணிக்கட்டில் பட்டி அறுத்த தடம் சிவந்து தெரிந்தது. கால்மாட்டில் என் அப்பா தோடம்பழப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்குமேல் மறைத்தால் திரும்பவும் கட்டுவார்கள். சொன்னேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, அவருடைய குரலிலேயே சொன்னேன். "தோட்டக்காட்டாள், அடுப்பைக் குறைச்சுப்போட்டு நான் சொல்லுறதைக் கேள்" என்று தொடங்கினேன். கள்ளனைக் கட்டின மாதிரி என்றது, அப்பருக்கும் இந்த வருத்தம் என்றது, வாயை மூடினால் மூடினதுதான் என்றது, ஒன்றையும் விடவில்லை. "தோட்டக்காட்டாள், உனக்கு என்னிலை பாசமில்லை. எனக்கும் உன்னிலை இல்லை. அதாலைதான் உன்னட்டைச் சொல்லுறன்" என்று முடித்தேன். பக்கத்துக் கட்டில்காரரும் அவரைப் பார்க்க வந்தவர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தயாபரன் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். "இது அப்பாதான்" என்றார். "இப்பிடிக் கதைக்க அப்பாவாலை மட்டும்தான் ஏலும்." பிறகு டொக்டரைப் பார்த்து, "வேண்டாம். வீட்டை கொண்டுபோறம்" என்றார். தாட்சாயினி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் அசையவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் முதுகு நிமிர்ந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இவ்வளவு பிந்தியா என்று அதற்கும் கோபம் வந்தது.

அப்பா தோடம்பழப் பையைக் கட்டிலோர அலுமாரிக்கு மேலே வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். என்னைப் பார்க்காமல் போனார்.

வீட்டில் மாமனார் தன் கட்டிலில் கிடந்தார். முதல் இரண்டொரு நாள் தேத்தண்ணி கொஞ்சம் நக்கினார். பிறகு அதற்கும் வாயை மூடினார். தாதி காட்டித் தந்தபடி, ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை இரண்டும் அவிழ்ந்து கிடந்தன. சில நேரம் போர்வையில் எதையோ கிள்ளும், சில நேரம் சும்மா கிடக்கும்.

சீவன் இழுபடுகிறது என்று கேள்விப்பட்டுச் சொந்தக்காரர் வந்தார்கள், பால் பருக்க. சாகிற ஆளுக்கு ஒவ்வொருவராக ஒரு கரண்டி பால் வார்க்காமல் இங்கே யாரும் அனுப்புவதில்லை. தாட்சாயினி முதலில் வந்தாள். கரண்டியை உதட்டோடு வைத்து அழுத்தினாள். பல் இறுகியிருந்தது, பால் தாடையால் வழிந்தது. தாடையைப் பிடித்து விரிக்கப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கோ மச்சாள். மூடிட்டார்."

"பாலும் பருக்காமல் நாய் மாதிரி அனுப்பச் சொல்லுறியோ?"

"விழுங்க மாட்டார். நெஞ்சுக்குள்ளை போய் மூச்சு அடைக்கும். அன்பு எண்டால் பஞ்சை நனைச்சு உதட்டிலை வையுங்கோ."

அவள் என்னைத் திட்டிய சொற்களை நான் எழுதவில்லை, அவள் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும். ஆனால் பஞ்சை நனைத்தாள். அழுதழுது உதட்டில் ஒற்றினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே ஒற்றினார்கள். மறுநாள் காலை, வெயில் ஏறுகிற நேரம், மூச்சு நின்றது. குழாய் இல்லை, கட்டு இல்லை. அவர் கேட்டது கிடைத்தது. நான் அழவில்லை. அதையும் ஊர் பேசிக்கொண்டது.

செத்த வீட்டுக்கு அப்பா வரவில்லை. அம்மா மட்டும் வந்து, தூரத்தில் இருந்துவிட்டுப் போனார். அந்தியேட்டி முடிந்ததும் நான் அக்கராயனுக்குப் போனேன். அப்பா மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் குந்திப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒன்னைய அப்பிடித்தான் கூப்புட்டானா?"

"ஆமாப்பா."

"கட்டிக்கிட்டுப் போன நாள்லயிருந்தா?"

"ஆமா."

"நாந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், சம்பந்தி நல்லவருன்னு." கொஞ்ச நேரம் பிடுங்கினார். பிடுங்கியதை வேர் மண்ணை உதறி வரப்பில் எறிந்தார். பிறகு சொன்னார்: "அந்தாளு நல்லபடியா சாகணும்னு, அம்புட்டுப் பேரு முன்னால அந்தப் பேர ஒன் வாயால சொன்னியே. நீ நல்லபடியா வாழணும்னு எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

தாட்சாயினிக்குப் பதில் வைத்திருந்தேன், ஊருக்கும் வைத்திருந்தேன். அடுத்த வரிசையில் குந்தி நானும் புல் பிடுங்கத் தொடங்கினேன். நான் பஸ்ஸுக்கு எழும்பும்வரை அப்பா என் பக்கம் திரும்பவில்லை.